ரொட்டித் துண்டும் வெள்ளரிப் பிஞ்சும்

நான் திருமானூரில் பிறந்தாலும் படித்தது புதுச்சேரியில். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற தாய்மாமா என்னைத் தன்னோடு வைத்துக்கொண்டு பிரெஞ்சு வழியில் படிக்க வைத்தார். பாரதியாருக்கு முன்பே விக்டர் யூகோ எனக்கு அறிமுகம். (பிறகு ஊருக்கு வந்து, தேர்வாணையப் பரீட்சைக்காகத் தமிழை மறுபடி படித்த கூத்தை வேறொரு நாள் எழுதுகிறேன்.)

17 வயதில் வாத்தியார் ஒருவர் ஒரு சின்னப் புத்தகம் கொடுத்தார். எலி வீசல் எழுதிய 'லா நுயி'. 'இரவு' என்று அர்த்தம். 1958-இல் பாரிசில் வெளிவந்தது. நாவல் என்பார் உண்டு, சொந்தக் கதை என்பார் உண்டு. தான் பட்டதை அவர் கதை போல எழுதியிருக்கிறார். 1944-இல் 15 வயது யூதப் பையன் ஒருவனை ஜெர்மானியர்கள் குடும்பத்தோடு ஆஷ்விட்ஸ் முகாமுக்கு ரயிலில் அடைத்துக் கொண்டுபோகிறார்கள். இறங்கிய இடத்திலேயே அம்மாவும் தங்கையும் பிரிக்கப்படுகிறார்கள். அப்பாவும் மகனும் மட்டும் மிச்சம்.

அதில் இரண்டு இடங்கள் இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. ஒன்று, பிரானெக் என்ற போலந்துக்கார மேஸ்திரி. அவனும் கைதிதான். முதலில் நல்லவனாகத்தான் இருக்கிறான். பையன் வாயில் இருக்கும் தங்கப் பல்லைப் பார்த்து அதைக் கேட்கிறான். பையன் மறுத்ததும், அணிவகுப்பில் கால் தப்பும் அப்பாவைத் தினமும் அடிக்கிறான். மகன் அப்பாவுக்கு நடை பழக்கிப் பார்க்கிறான், வரவில்லை. கடைசியில் துருப்பிடித்த கரண்டியால் அந்தப் பல்லைப் பிடுங்குகிறார்கள். பல் கைக்கு வந்ததும் பிரானெக் மறுபடி நல்லவனாகி, சில நாள் கூடுதலாக சூப்பு கூடத் தருகிறான்! அடித்ததைவிட இதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இன்னொன்று, ஒரு பிரெஞ்சுப் பெண். கங்காணி ஒருவன் வெறிபிடித்துப் பையனை அடித்துப் போட்டபின், பக்கத்தில் வேலை செய்த அவள் ரத்தத்தைத் துடைத்து, ஒரு ரொட்டித் துண்டைக் கையில் வைக்கிறாள். ஜெர்மன் மொழி தெரியாதவள் போல இருந்தவள், அந்த மொழியிலேயே ஆறுதலும் சொல்கிறாள். அவளும் பொய்ப் பத்திரத்தில் ஒளிந்திருந்த யூதப் பெண்தான். வாயைத் திறந்தால் அவளுக்கே ஆபத்து. பல வருடம் கழித்துப் பாரிஸ் மெட்ரோவில் அவளைப் பார்த்துப் பேசியபோதுதான் அவருக்கு இது தெரிகிறது. அந்தப் பக்கத்தைப் படித்து அழுதேன். மாமா என்ன ஏது என்று கேட்கும்படி அழுதேன்.

அப்படி அழுதவன் பத்துப் பன்னிரண்டு வருடத்தில் குமாஸ்தாவாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். கொள்ளிடக் கரையிலிருந்து ஒரு பெரியவர் முதியோர் உதவித்தொகைக்கு மனுக் கொண்டுவந்தார். வயதுச் சான்று இல்லை. மலேயாவில் ரப்பர் தோட்டத்தில் இருந்தவராம்.

"சண்டைக் காலத்துல சப்பான்காரன் சயாமுக்குக் கொண்டுபோய் ரயில் ரோடு போட வச்சாங்க ஐயா" என்று சொல்லி, வேட்டியை விலக்கிக் காலைக் காட்டினார். முழங்காலுக்குக் கீழே சதையே குழிந்து, தோல் பளபளவென்று இருந்தது.

"ரயில்வேல வேலை பாத்தியா? அப்ப ரயில்வேக்காரன்கிட்ட பென்சன் கேளு. இங்க ஏன் வந்த?" என்றேன்.

பிரிவே சிரித்தது. அவரும் சிரித்தார். நாலு தடவை நடக்க விட்டேன். ஒவ்வொரு முறையும் எங்கள் பியூன்தான் அவரைத் தன் பெஞ்சில் உட்கார வைத்து, தூக்குச் சட்டியில் இருந்த பழையதில் பாதியைக் கொடுப்பார். அலுவலகத்தில் இதென்ன பழக்கம் என்று ஒருநாள் பியூனையும் கடிந்துகொண்டேன்.

ஓய்வு பெற்ற பிறகுதான் மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவல் கைக்கு வந்தது. பிறகு தேடித்தேடிப் படித்தேன். சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் பாதை. 1943 அக்டோபரில் முடித்தார்கள். செத்த வெள்ளைக்காரக் கைதிகள் 12,000 பேருக்கு மேல். காஞ்சனபுரியில் அவர்களுக்கு வரிசை வரிசையாகக் கல்லறையும் பெயரும் உண்டு. தோட்டத்திலிருந்து போன தமிழர்கள் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளிகள் அதைப்போலப் பல மடங்கு செத்தார்கள். பேதி, காலரா, மலேரியா, பட்டினி. மூங்கில் கீறிய இடம் காட்டுப் புண்ணாகி எலும்புவரை அழுகுமாம். அதைப் படித்ததும் அந்தக் கால் ஞாபகம் வந்தது. அன்று இரவு தூக்கமில்லை.

உதவித்தொகை உத்தரவு ஒருவழியாக வந்தது. இரண்டு நாள் கழித்துப் பெரியவர் வந்தார். கொள்ளிடப் படுகையில் பறித்த வெள்ளரிப் பிஞ்சு, துண்டில் ஒரு முடிச்சு. பியூனுக்குப் பாதி, மீதியை என் மேசை ஓரத்தில் வைத்து, "பிள்ளைங்களுக்குக் குடுங்க ஐயா" என்றார். வாங்கிக்கொண்டேன். அன்றும் அவரை உட்காரச் சொல்லவில்லை.

கோப்பில் அவர் பெயரை எத்தனை முறை என் கையால் எழுதியிருப்பேன்! இப்போது எவ்வளவு யோசித்தும் வரவில்லை. காலில் அப்படியொரு தழும்போடு, மலேயாவிலிருந்து திரும்பி வந்து படுகையில் வெள்ளரி போட்டவர். நம் ஊர்ப் பெரியவர்கள் யாருக்காவது அவரைத் தெரிந்திருந்தால், பெயரை மட்டும் எனக்குச் சொல்லுங்கள்.