செங்கலடியிலிருந்து பேராதனை வரை



உங்கள் வீட்டிலும் இந்தக் கேள்வி வந்திருக்கும். பெருநாள் முடிந்த மூன்றாம் நாள், அல்லது பரீட்சை முடிந்த கையோடு, மகன் குசினி வாசலில் வந்து நிற்பான். தாகமில்லாமலே தண்ணீர் குடிப்பான். பிறகு மெல்லச் சொல்வான்: “உம்மா, கூட்டாளிமாரெல்லாம் மோட்டார் சைக்கிள்ல நுவரெலியாவுக்குப் போறாங்க. நானும் போயிட்டு வரட்டா?”

ஓம் என்று சொல்லவும் பயம். வேண்டாம் என்று சொன்னால் சொல்லாமலே போய்விடுவானோ என்று அதைவிடப் பயம். ஏறாவூரில் எங்கள் வீட்டில் இந்த வழக்கு இரண்டு கிழமை நடந்தது. ராத்தாவின் மகனும் அவனுடைய கூட்டாளிமார் ஐந்து பேரும், ஆளுக்குப் பாதியாக மூன்று வண்டிகள். இரண்டு கியர் மோட்டார் சைக்கிள், ஒரு ஸ்கூட்டர். கடைசியில் மச்சான் தீர்ப்புச் சொன்னார்: போகலாம், ஆனால் பின்னால் வேனில் நாங்களும் வருவோம். உம்மாமார் பின்னால் வந்தால் அதென்ன பயணம் என்று பொடியன்மார் முணுமுணுத்தார்கள். சோற்றுப் பொதியும் வேனில்தான் வரும் என்றதும் முணுமுணுப்பு அடங்கிவிட்டது. 2024 ஆகஸ்டில், சுபஹுத் தொழுகை முடித்துப் புறப்பட்டோம்.

புறப்படுமுன் எங்கள் பள்ளிவாசல் மௌலவி பொடியன்மாரைக் கூப்பிட்டு ஒரு விஷயம் சொன்னார். மூன்று பேர் பயணம் போனாலும் தங்களில் ஒருவரைத் தலைவராக ஆக்கிக்கொள்ள வேண்டுமென்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக அபூதாவூதில் வருகிறதல்லவா, நீங்களும் ஒரு அமீரைத் தெரிவு செய்யுங்கள் என்றார். ராத்தாவின் மகன் தன்னைத்தான் சொல்வார்கள் என்று நினைத்திருப்பான். அவர்களோ வாப்பாவின் இரும்புக் கடையில் நிற்கும், அதிகம் பேசாத பிள்ளையைத் தெரிவு செய்தார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

நாங்கள் போன வீதிக்கு ஏ-5 என்று பெயர். செங்கலடிச் சந்தியில் கடல் மட்டத்தில் தொடங்கி மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை, பதுளை, வெலிமடை, நுவரெலியா, றம்பொடை, கம்பளை என்று ஏறி இறங்கிப் பேராதனையில் முடிகிறது. ஏறக்குறைய 275 கிலோமீற்றர். மட்டக்களப்பிலிருந்து மலைநாட்டுக்கு இவ்வளவு நேரான வாசல் வேறில்லை. ஆனால் எங்கள் வயதுப் பெண்களில் எத்தனை பேர் சிறு வயதில் இதில் போயிருப்போம்? செங்கலடியைத் தாண்டியதும் வரும் கறுத்தப் பாலம் எத்தனையோ வருடம் ஒரு எல்லையாக இருந்தது. பாலத்துக்கு இப்பால் ஒருவர் ஆட்சி, அப்பால் வேறொருவர் ஆட்சி. 1990 ஆகஸ்டில் ஒரே இரவில் ஏறாவூரில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்ட பிறகு, அந்தப் பக்கம் தலை வைத்தும் படுக்கமாட்டோம் என்றிருந்தோம். 2007இல் அந்தப் பகுதி திறந்தது, 2009இல் யுத்தம் முடிந்தது. எங்கள் வாப்பாமார் இளந்தாரிகளாக இருந்தபோது போக முடியாமற்போன வீதியில், இன்று பேரப்பிள்ளைகள் பாட்டுப் போட்டுக்கொண்டு போகிறார்கள். கறுத்தப் பாலத்தைக் கடக்கும்போது வேனில் ராத்தா மட்டும் ஏதோ ஓதிக்கொண்டிருந்தா. மற்றவர்கள் பேசவில்லை.

மகாஓயா வரை காடும் வயலும்தான். வெந்நீர்க் கிணறுகளைப் பார்க்கலாம். ஒவ்வொரு கிணற்றிலும் சூடு ஒவ்வொரு அளவு. ஆகஸ்ட் வெயிலில் வெந்நீரைத் தொட யாருக்கும் ஆசை வரவில்லை.

பிபிலையை அடைந்ததும் கொஞ்சம் நில்லுங்கள். தோடம்பழத்துக்குப் பெயர் போன ஊர், வாங்கிக்கொள்ளலாம். ஆனால் நான் நிற்கச் சொல்வது பழத்துக்காக அல்ல. வெல்லஸ்ஸ எனப்படும் இந்தப் பகுதிக்கும் நம்மவர்களுக்கும் உள்ள தொடர்பு பள்ளிக்கூடப் புத்தகத்தில் இரண்டு வரிக்குமேல் வருவதில்லை. 1626இல் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களை ஏற்றுக் குடியமர்த்தினான். அவர்களில் சுமார் நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றியதாக எழுதிவைத்திருக்கிறார்கள். அதன் பிறகு மலைக்கும் கடலுக்கும் இடையே நம்மவர்கள் பொதிமாட்டுக் கூட்டம் நடத்தினார்கள். தவளம் என்று அதற்குப் பெயர். உப்பும் கருவாடும் மேலே போகும், பாக்கும் மிளகும் கீழே வரும். மாட்டின் முதுகில் இரு பக்கமும் மூட்டை, கழுத்தில் மணி, கூட்டமாகத்தான் போவார்கள். தனியே போனால் யானையும் உண்டு, கள்வரும் உண்டு. கூட்டாளிமாரோடு மலைக்குப் போகும் பழக்கம் நம் பிள்ளைகள் நேற்றுக் கண்டுபிடித்ததல்ல.

அந்தத் தவளமே ஒரு பெரிய கலவரத்துக்கும் காரணமானது. 1817இல் ஆங்கிலேயர் வெல்லஸ்ஸ முஸ்லிம்களுக்கென்று ஹாஜி மரிக்கார் என்பவரை முஹாந்திரமாக நியமித்தார்கள். பொதிமாடுகள் அவர்களுக்குத் தேவைப்பட்டன. தங்கள் அதிகாரத்தில் கை வைக்கிறார்கள் என்று சிங்களப் பிரதானிகள் கொதித்தார்கள். கிளர்ச்சிக்காரர் ஹாஜியைப் பிடித்துக் கொன்றார்கள். விசாரிக்கப் படையோடு பதுளையிலிருந்து வந்த வில்சன் என்ற ஆங்கில அதிகாரியும் அந்தச் செப்டெம்பரில் அம்பு பட்டு இறந்தார். 1818 வரை நீடித்த கிளர்ச்சியை அடக்க ஆங்கிலேயர் வயல்களை எரித்தார்கள், குளங்களை உடைத்தார்கள், மாடுகளைக் கொன்றார்கள். இலட்சம் வயல் என்று பெயர் பெற்ற நாடு நெடுங்காலம் தரிசாகக் கிடந்தது. இரண்டு பெரிய கூட்டத்துக்கு நடுவில் ஒரு சின்னச் சமூகத்தின் தலைவனுக்கு மூன்றாமவன் கொடுத்த பதவி என்ன செய்யும் என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டியதில்லை. பொடியன்மாருக்கு இதைச் சொன்னேன். தோடம்பழம் உரித்தபடி கேட்டார்கள். ஒருவன் மட்டும், “அவர்ட குடும்பத்துக்கு என்ன நடந்த?” என்று கேட்டான். அதற்கு என்னிடம் பதிலில்லை.

லுணுகலையில் ஏற்றம் தொடங்குகிறது. தேயிலையின் முதல் வாசனை, முதல் குளிர். வேனில் இருப்பவர்களுக்கு முதல் சத்தியும் இங்கேதான். தேசிக்காயும் இஞ்சித் துண்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பசறைக்கு இப்பால் வீதி மலையின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போகிறது. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் ஒன்றுமில்லை. 2021 மார்ச்சில் பதின்மூன்றாம் கட்டையில் ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து பத்துக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அந்த இடத்தில் எங்கள் அமீர் கையைத் தூக்கிக் காட்ட, மூன்று வண்டிகளும் ஒன்றன் பின் ஒன்றாக வரிசை கட்டின. அதுவரை பக்கம் பக்கமாகக் கதைத்துக்கொண்டுதான் போனார்கள்.

முதல் இரவு பதுளையில். ழுஹரையும் அஸரையும் வழியில் ஜம்உ, கஸ்ராகத் தொழுதோம். போன இடத்தில் நான்கு நாள் தங்க நிய்யத் வைக்காதவரை நம் ஷாபிஈ மத்ஹபில் இந்தச் சலுகை உண்டு என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்புங்கள். தெரியாததால்தான் பலர் பயணத்தில் தொழுகையையே விட்டுவிடுகிறார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆண்பிள்ளைகளுக்கு எந்தப் பள்ளியிலும் இடமுண்டு. நமக்கோ வழி நெடுக ஒளுச் செய்ய இடம் விசாரித்தே பாதி நேரம் போகிறது. பயணிகள் அதிகம் வரும் ஊர்களின் பள்ளி நிர்வாகிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

வெலிமடைப் பக்கம் மரக்கறித் தோட்டங்கள். லீக்ஸும் கரட்டும் படிப்படியாக மலையில் ஏறுகின்றன. ஹக்கலைப் பூந்தோட்டத்தில் அரை நாள் நின்றோம். இன்று ரோஜா பார்க்கப் போகும் அந்தத் தோட்டம், 1861இல் காய்ச்சல் மருந்தான கொயினாவுக்குரிய சிங்கோனா மரம் வளர்க்கத் தொடங்கியதாம்.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். குளிருக்குப் பொடியன்மார் ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். ஜக்கெட்டுக்குள் நெஞ்சில் பழைய பத்திரிகைத் தாள்கள். காற்று உள்ளே புகாதாம். மூன்றாம் நாள் காலை வரை வானம் வெளுத்துத்தான் இருந்தது. நகரைத் தாண்டி றம்பொடைப் பக்கம் திரும்பினோம், சட்டென்று மழையும் மூடுபனியும். ஆகஸ்டில் தென்மேற்குக் காற்று தன் மழையையெல்லாம் மலையின் அந்தப் பக்கத்திலேயே கொட்டிவிட்டு, வெறுங்கையாக இந்தப் பக்கம் இறங்குகிறது. ஏறாவூரில் நம் உதட்டை வெடிக்கவைத்து, கிடுகு வேலியைக் காயவைக்கும் கச்சான் அதுதான். ஒரே காற்றின் இரண்டு முகத்தையும் ஒரே நாளில் கண்டோம்.

சகோதரிகளே, இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். மலைக்குப் போகும் பிள்ளையிடம் எல்லோரும் ஏற்றத்தைப் பற்றித்தான் எச்சரிக்கிறோம். ஆபத்து ஏற்றத்தில் குறைவு, இறக்கத்தில்தான் அதிகம். நுவரெலியாவிலிருந்து பேராதனைக்கு எழுபது கிலோமீற்றர் அளவில் 1,300 மீற்றருக்குமேல் இறங்க வேண்டும். 2025 மே 11இல் றம்பொடை கெரண்டி எல்லவில் பஸ் கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததும் இதே வீதியில்தான். கியர் வண்டியைச் சின்னக் கியரில் இறக்கினால் என்ஜினே வண்டியைப் பிடித்து வைக்கும். எந்தக் கியரில் ஏறுவாயோ அந்தக் கியரில் இறங்கு என்பது பழைய சாரதிகளின் சொல். பெற்றோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் உருட்டுவது உயிரோடு விளையாடுவது. ஸ்கூட்டரில் என்ஜின் பிடிப்பு மிகக் குறைவு. பாரம் முழுவதையும் பிரேக்தான் தாங்க வேண்டும். தொடர்ந்து பிடித்தால் அது சூடேறி, ஒரு கட்டத்தில் பிடிக்காமலே போய்விடும்.

எங்கள் கண்முன்னே அது நடந்தது. வேன் கண்ணாடி வழியாக எரிந்த மணம் வந்தது. முன்னால் போன ஸ்கூட்டர் வளைவில் கொஞ்சம் அகலமாகத் திரும்பி, காலைத் தரையில் தேய்த்து, மலைப் பக்கக் கானோரம் நின்றது. இறங்கி ஓடினோம். பிரேக் பிடி கைப்பிடியைத் தொடுமளவுக்கு உள்ளே போயிருந்தது. ஓட்டிய பிள்ளையின் முகத்தில் இரத்தமில்லை. ராத்தாவின் மகன், “மெல்ல மெல்லப் போகலாம் மச்சான், மழை கூடுது” என்றான். மற்றவர்களும் தலையாட்டினார்கள். உம்மாமார் நாங்கள் வாய் திறக்குமுன் அமீர் சொன்னான்: “ஆறட்டும். அதுக்குப் பிறகுதான்.” நாற்பது நிமிடம் மழையில் நின்றோம். யாரும் மறுத்துப் பேசவில்லை. பிறகு பின்னால் இருந்தவனையும் பையையும் வேனில் ஏற்றினான். ஸ்கூட்டரை முன்னால் விட்டு, அதன் வேகத்துக்கே மற்ற இரண்டையும் பின்னால் வரச் செய்தான். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை நிறுத்திச் சக்கரத்தருகே கையை வைத்துப் பார்த்தான். 109 மீற்றர் உயரத்திலிருந்து விழும் றம்பொடை நீர்வீழ்ச்சியை அன்று யார் பார்த்தோம்? எல்லோர் கண்ணும் ஸ்கூட்டரின் சிவப்பு விளக்கில்தான்.

ஆகவே உங்கள் மகன் கேட்கும்போது, எங்கே போகிறாய் என்பதோடு, எந்த வண்டி, யார் பின்னால், எத்தனை கிலோ பை, உங்களில் யார் சொல்லுக்கு மற்றவர்கள் நிற்பார்கள் என்றும் கேளுங்கள். பின்னால் இருப்பவனுக்கும் ஹெல்மட் வேண்டும், வார் பூட்டியிருக்க வேண்டும். படம் பிடிக்கக் கழற்றினால் பூட்டாமல் ஏறும் வழக்கம் இவர்களிடம் உண்டு. 2025 நவம்பர் இறுதியில் வந்த தித்வா புயலில் மலைநாடெங்கும் மண் சரிந்து நூற்றுக்கணக்கான உயிர்கள் போயின, வீதிகள் உடைந்தன. மழைக் காலத்தில் மண்சரிவு எச்சரிக்கை இருக்கிறதா என்று விசாரிக்காமல் விடாதீர்கள். இருந்தால் அந்தப் பயணம் வேண்டாம். அழுதாலும் சரி, கோபித்தாலும் சரி.

புஸ்ஸல்லாவையில் மழை விட்டது. கம்பளையில் சூடான கொத்து ரொட்டி. நடந்ததை அதற்குள்ளேயே பகிடியாக்கிவிட்டார்கள். அம்புலுவாவ மலைக் கோபுரத்தில் ஏற வேண்டுமென்றார்கள். பள்ளிவாசலும் கோயிலும் விகாரையும் தேவாலயமும் ஒரே உச்சியில் இருக்கும் இடம். அமீர் ஸ்கூட்டரைப் பார்த்தான், மலையைப் பார்த்தான், மாட்டேன் என்று தலையசைத்தான். பிரேக்கைப் பழுது பார்க்க ஒரு கராஜைத் தேடிப் போனார்கள். நாங்கள் அந்த நேரத்தில் புடைவைக் கடைக்குப் போனோம், மறைப்பானேன்!

பேராதனையில் ஏ-5 கொழும்பு – கண்டி வீதியோடு சேர்ந்து முடிகிறது. அஸர் நேரம். பொடியன்மார் சந்தியருகே ஓரமாக நிறுத்தி, வண்டியின் கிலோமீற்றர் கணக்கைப் பார்த்து ஆளுக்கொரு தொகை சொல்லிச் சண்டை பிடித்தார்கள். ராத்தா வேனை விட்டிறங்கி, மகனைத் தாண்டிப் போய் அந்த இரும்புக் கடைப் பிள்ளையின் கையில் மிச்சமிருந்த தோடம்பழங்களை வைத்தா.

திரும்பியது மஹியங்கனை வழியாக, பெயர் பெற்ற பதினெட்டு வளைவுகளில். அதை இன்னொரு மாதம் எழுதுகிறேன், இன்ஷா அல்லாஹ்.