கடுக்காய் காய்க்கும் மலை

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குப் பேருந்து ஏறினால், கோமுகி அணைப் பக்கம் வந்ததும் கல்வராயன் மலை எதிரே எழுந்து நிற்கும். கரும்பும் நெல்லும் மரவள்ளியும் கீழே தங்கிவிட, சாலை வளைந்து வளைந்து காட்டுக்குள் ஏறும். மேலே போகிறவர்களில் பெரும்பாலானோர் மேகம் அருவியையும் பெரியார் அருவியையும் பார்த்து, கரியாலூரில் படகு விட்டுவிட்டு, பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடுகிறார்கள். வழிநெடுக நிற்கும் மரங்களை நிமிர்ந்து பார்ப்பவர் குறைவு. இந்த மலையைப் பார்க்க வேண்டிய முறையே அந்த மரங்களிலிருந்துதான் தொடங்குகிறது.

2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது கள்ளக்குறிச்சி. அதன் மேற்கு எல்லையில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டாக, சேலம் மாவட்டத்திலும் கால் பதித்து நிற்கிறது கல்வராயன். சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று அதற்கு இரண்டு பகுதிகள். இங்கே வாழும் பழங்குடியினருக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்துக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்தது. காஞ்சிபுரத்திலிருந்து முன்னோர்கள் மலையேறி வந்ததாக அவர்கள் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். சாமையும் தினையும் விதைத்த இந்தக் கைகள்தாம் காட்டின் காய்களையும் வேர்களையும் பொறுக்கி நாட்டு மருந்துக் கடைகளுக்கு அனுப்பியவை.

கடுக்காய் இந்த மலையின் முக்கியமான காட்டு விளைபொருள். பனிக்காலத்தில் முற்றி, மஞ்சளும் பழுப்புமாக உதிரும் காயைப் பொறுக்கி, உலர்த்தி, மூட்டை கட்டிக் கீழே இறக்குகிறார்கள். கடுக்காயோடு நெல்லியையும் தான்றியையும் சேர்த்தால் திரிபலா. இலையுதிர் காடான கல்வராயனில் இந்த மூன்று மரங்களையுமே பார்க்கலாம். நம் வீட்டு அலமாரியில் பொடியாக இருக்கும் மருந்து இங்கே நிழல் தரும் மரமாக நிற்கிறது.

கடுக்காயின் பயன் மருந்தோடு முடிந்துவிடவில்லை. கலம்காரித் துணியில் சாயம் பிடிக்க அதைக் கடுக்காய்ச் சாற்றிலும் பாலிலும் நனைப்பார்கள். பழைய கட்டடங்களின் சுண்ணாம்புக் காரையில் கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்ந்திருக்கும். தோல் பதனிடவும் கடுக்காய்த் துவர்ப்பு வேண்டும். அதற்காகவே ஆங்கிலேயர் காலத்தில் கப்பல் ஏறிய சரக்கு இது.

அதே காய்க்கு வேதனையான இன்னொரு முகமும் உண்டு. மலையில் சாராய ஊறலை அழித்ததாக வரும் செய்திகளில் வெல்லம், வேலம்பட்டையோடு கடுக்காயின் பெயரும் சேர்ந்தே வரும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது, கள்ளக்குறிச்சியின் பெயர் நாடெங்கும் துயரத்தோடு உச்சரிக்கப்பட்டது. அந்தப் பெயரை வேறொரு காரணத்துக்காகவும் நாடு அறிய வேண்டும் என்ற ஆசையில்தான் இதை எழுதுகிறேன்.

இந்த மலையின் மூலிகைகளே அந்தக் காரணமாகலாம். மூலிகையைக் காட்சிக்கு வைப்பது உலகத்துக்குப் பழகிய வழக்கம்தான். இத்தாலியின் பதுவா நகரப் பல்கலைக்கழகம் 1545இல் ஒரு தோட்டம் போட்டது. அசல் மூலிகை எது, போலி எது என்று மருத்துவ மாணவர்கள் செடியைப் பார்த்தே அறிய வேண்டும் என்பது அதன் நோக்கம். லண்டன் செல்சியில் மருந்து தயாரிப்போர் சங்கம் 1673இல் அப்படி ஒரு தோட்டம் அமைத்தது. இரண்டையும் இன்றும் மக்கள் போய்ப் பார்க்கிறார்கள்.

நம்மிடமும் அந்த மரபு உண்டு. தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி தன்வந்திரி மகால் என்ற மருந்துச் சாலையை நடத்தினார். அங்கே கைகண்ட முறைகள் சரபேந்திர வைத்திய முறைகளாகத் தொகுக்கப்பட்டன. சரசுவதி மகால் நூலகத்தில் மருத்துவச் சுவடிகள் இன்றும் இருக்கின்றன. மேட்டூர் அணையில் மத்திய சித்த மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் மூலிகைத் தோட்டம் இருக்கிறது. ஆரோவில்லின் பிச்சாண்டிக்குளம் காட்டில், வறண்டு கிடந்த செம்மண் நிலத்தை மீட்டு மருந்துச் செடிகளை வளர்த்திருக்கிறார்கள். கள்ளக்குறிச்சிக்காரர் கிழக்கே போனால் பிச்சாண்டிக்குளம், மேற்கே போனால் மேட்டூர். இரண்டையும் பார்த்துவிட்டுக் கல்வராயன் ஏறுகிறவருக்குக் காடு வேறு மாதிரி தெரியும். பாத்தியில் பெயர்ப்பலகையோடு பார்த்த சீந்தில் இங்கே மரத்தின் மேல் கொடியாய்ப் படர்ந்திருக்கும். சிறுகுறிஞ்சான் புதரோடு பின்னிக் கிடக்கும். மழை பெய்ததும் கண்வலிக்கிழங்கின் கொடியில் செங்காந்தள் பூக்கும்.

தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கு கொடிய நஞ்சு. அதே செடியிலிருந்து எடுக்கும் கோல்ச்சிசின்தான் கவுட் என்ற மூட்டு வாதத்துக்கு மருந்தாகிறது. மலைக்கு வருகிறவர்கள் எதையும் பறித்து வாயில் போட்டுவிடக் கூடாது என்பதற்கு இந்த ஒரு பூவே போதும். பார்ப்பதும் முகர்வதும் பெயர் கேட்பதும் நம் வேலை. மருந்தென்று உண்பதற்குப் படித்த மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

பறிப்பதிலும் நியாயம் உண்டு. கடுக்காயைப் பொறுக்கினால் மரம் அடுத்த ஆண்டும் காய்க்கும். மாகாளிக்கிழங்கின் கதை அப்படியல்ல. ஊறுகாய்க்காக வேரைத் தோண்டினால் கொடியும் போய்விடும். கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் அது அருகிவருவதற்குக் காரணமே அதுதான். எந்தச் செடியில் எதை எடுக்கலாம், எவ்வளவு விட்டுவைக்க வேண்டும் என்பது காட்டோடு வாழ்கிறவர்கள் கண்ட கணக்கு. சிறு வன விளைபொருளைச் சேகரிக்கவும் விற்கவும் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அவர்களுக்கு உரிமை தந்திருக்கிறது. அந்த உரிமையோடு நியாயமான விலையும் சேர்ந்தால், கடுக்காய் ஊறல் பானைக்குப் போக வேண்டிய அவசியம் குறையும்.

இதையெல்லாம் வருகிறவர்கள் அறிய, வெள்ளிமலையிலோ கரியாலூரிலோ ஒரு மூலிகைக் கூடம் எழ வேண்டும். பெரிய மாளிகை வேண்டாம். உலர்ந்த காய், பட்டை, வேர் இவற்றை வைத்த ஒரு கூடம். வெளியே மரங்களுக்கு நடுவே ஒரு நடைபாதை. மரத்தில் இந்த மலை மக்கள் வழங்கும் பெயரும் தாவரவியல் பெயரும் எழுதிய பலகை. வழிகாட்டுகிற வேலை மலையாளி மக்களுக்கே கிடைக்க வேண்டும். நுழைவுக் கட்டணத்தில் அவர்களுக்குப் பங்கும் வேண்டும்.

சித்த மருத்துவத்தில் எந்தச் சரக்குக்கும் சுத்தி, அதாவது நஞ்சு நீக்கும் முறை, உண்டு. சுக்கின் மேல்தோலைச் சீவுவார்கள். கடுக்காயை உடைத்து, உள்ளிருக்கும் கொட்டையை நஞ்சென்று எறிந்துவிட்டு, சதையை மட்டும் இடிப்பார்கள். காயைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டிவிடலாம். எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்று காயை உடைத்துக் காட்ட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் இந்த மலையில் இன்னும் இருக்கிறார்.