நீ வந்தால் போய்விடுகிறது

கொடுமுடியில் எங்கள் வீடு பழைய வீடு. தெருத் திண்ணையிலிருந்து பொடக்காலிக் கதவு வரை ரயில் பெட்டி மாதிரி நீண்டு கிடக்கும். சுவர் ஒவ்வொன்றும் ஒரு முழத்துக்குக் குறையாத கனம். சித்திரை வெயிலில் அந்தச் சுவர்களுக்குள் உட்கார்ந்திருக்கிற சுகமே தனி. ஆனால் வைஃபை என்கிற சமாசாரத்துக்கு அவை ஜன்ம விரோதிகள்.

அம்மாவின் அறை வீட்டின் கடைசியில் இருக்கிறது. எண்பதைத் தாண்டியவள். மகுடேசுவரர் கோயிலுக்கும் காவிரிப் படித்துறைக்கும் நடந்து போன கால்கள் இப்போது கொல்லைப்புறம் போய்வரவே யோசிக்கின்றன. ஆகவே டெலிவிஷனும், அதன் பின்னால் தொங்கும் உள்ளங்கை அகலப் பெட்டியும்தான் அவளுக்கு இன்று கோயில், ஆறு, அக்கம்பக்கம் எல்லாம். அந்தப் பெட்டியில் அவள் கேட்பதெல்லாம் அநேகமாக ஒருவர் பாட்டுத்தான்: கே. பி. சுந்தராம்பாள். 1908இல் இந்த ஊரில் பிறந்தவர். 1951இல் சென்னை மேல்சபைக்கே போனவர். 1953இல் ஔவையாராக நடித்து நாட்டையே அழவைத்தவர். அம்மாவுக்கு அந்த வருஷக் கணக்கெல்லாம் அக்கறையில்லை. "நம்மூரு அம்மா பாடறா" என்பாள், ஏதோ பக்கத்துத் தெருவிலிருந்து குரல் வருகிற மாதிரி.

பழைய ஒற்றை ரூட்டர் வாசல் அறையில் இருந்தது. அதன் அலை அம்மாவின் அறைக்கு வந்து சேரும்போது மூச்சு வாங்கும். ஆகவே போன தையில் துணிந்து மெஷ் வைஃபை வாங்கினேன். வாசலில் ஒன்று, ஆசாரத்தில் ஒன்று, அம்மாவின் அறைக்கு வெளியே ஒன்று என்று மூன்று வெள்ளை டப்பாக்கள். மூன்றுக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். ஒன்று கொடுப்பதை இன்னொன்று வாங்கி அடுத்ததற்குக் கொடுக்கும். தீப்பிடித்த வீட்டுக்கு வரிசையாக நின்று குடம் மாற்றுகிறார்களே, அந்த மாதிரி.

ஒரு வாரம் ராஜபோகமாக நடந்தது. அப்புறம் பெட்டி அறுந்துபோக ஆரம்பித்தது. பாட்டு உச்சத்துக்கு ஏறுகிற நேரம் பார்த்துத் திரையில் ஒரு வட்டம் சுற்றும். சுற்றிச் சுற்றிக் கடைசியில் 'இணைய இணைப்பு இல்லை' என்று கைவிரிக்கும். பெட்டியை அணைத்துப் போட்டால் சற்று நேரம் சரியாக இருக்கும். மறுபடியும் பழைய கதை.

நான் படிக்காத யோசனை இல்லை. மெஷ்ஷில் எந்த டப்பாவைப் பிடித்துக்கொள்வது என்று தீர்மானிப்பது டப்பா அல்ல, பிடிக்கிற சாதனந்தான் என்று தெரிந்துகொண்டேன். நம் பெட்டி பக்கத்தில் இருப்பதை விட்டுவிட்டு வாசல் டப்பாவையே கட்டிக்கொண்டு அழுகிறதோ என்று சந்தேகம். மூன்றாவது டப்பாவை இரும்பு பீரோவுக்குப் பின்னாலிருந்து எடுத்து மாடத்தில் வைத்தேன். அலைவரிசை இரண்டு உண்டு: 2.4 கிகாஹெர்ட்ஸ் காங்கயம் காளை மாதிரி. மெதுவாகப் போனாலும் சுவரைத் தாண்டிப் போய்ச்சேரும். 5 கிகாஹெர்ட்ஸ் பந்தயக் குதிரை. சுவரைக் கண்டால் மிரளும். குதிரையை அவிழ்த்துவிட்டுக் காளையைப் பூட்டினேன். ஒன்றும் பலிக்கவில்லை. இத்தனைக்கும் திரையில் வைஃபை கோடுகள் முழுசாக நின்றன. கோடு முழுசாக இருந்தும் இணையம் இல்லையென்றால் அலையில் குற்றமில்லை, வேறெங்கோ இருக்கிறது என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

இணைப்புக் கொடுத்த பையனைக் கூப்பிட்டேன். இரண்டு முறை பகலில் வந்து பார்த்தான். இரண்டு முறையும் பெட்டி ஒழுங்காகப் பாடியது. "ஒண்ணும் கோளாறு இல்லீங்கண்ணா" என்று ஈரோட்டில் இருந்த எனக்கு டெலிபோனில் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அன்று மாலை நான் ஒரு காரியம் செய்தேன். எழுதக் கூசுகிறது. பெட்டி மறுபடி நின்றதும் அம்மாவிடம், "நீ எதையாவது அழுத்தியிருப்பேம்மா. தெரியாததையெல்லாம் எதற்குத் தொடுகிறாய்?" என்று கடுகடுத்தேன். அவள் பதில் சொல்லவில்லை. கையிலிருந்த ரிமோட்டைத் தலையணைக்குப் பக்கத்தில் மெதுவாக வைத்தாள், பிறத்தியார் வீட்டுப் பாத்திரத்தை வைக்கிற மாதிரி.

அதற்குப் பிறகு ஒரு மாறுதலைக் கவனித்தேன். ஈரோட்டில் வேலை முடிந்து மாலை வண்டியில் நான் வந்து இறங்குவேன். வீட்டுக்குள் நுழையும்போது டெலிவிஷன் அணைந்திருக்கும். அம்மா கட்டிலில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். காபி தயாராக இருக்கும். மகன் வருகிறான் என்று பாட்டையும் நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறாளே என்று எனக்கு உள்ளூர ஒரே பெருமை. ரயிலில் கூட வருகிற சிநேகிதரிடம் இதைச் சொல்லியும் இருக்கிறேன்.

மூன்றாம் முறை பையன் வந்தபோது நான் லீவு போட்டு வீட்டில் இருந்தேன். காலையிலிருந்தே பெட்டி ஏழு தடவை அறுந்தது. பையன் தலையைச் சொறிந்தான். "நான் வந்தப்பெல்லாம் நல்லா இருந்துச்சுங்களே!" என்றான்.

கட்டிலிலிருந்து அம்மா மெல்லச் சொன்னாள்: "அது இவன் ஊட்ல இருந்தாத்தான் போகுது கண்ணு. பொழுதோட ரயிலு ஊதுச்சுன்னா நானே அமத்திப் போடுவேன். எப்படியும் நின்னு போறதுதானே. அப்புறம் இவன் வந்து அதைப் போட்டு நோண்டிக்கிட்டு, சங்கடப்பட்டுக்கிட்டு..."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. "இதை ஏம்மா முன்னாலேயே சொல்லவில்லை?"

"நீ வந்தா போகுதுன்னு பெத்தவ வாயால எப்படிச் சாமி சொல்றது?"

பையன் சிரிக்கவில்லை, கெட்டிக்காரன். "உங்க போனைக் குடுங்கண்ணா" என்றான். அதில் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்தான். பிறகு பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தான். இரண்டிலும் ஒரே எண்: 192.168.1.20.

வீட்டுக்குள் இருக்கும் சாதனம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு, வீட்டுக்குக் கதவிலக்கம் மாதிரி. ரூட்டர்தான் தபால்காரர். எண்களை வழங்குகிற முனிசிபாலிட்டியும் அதுவே. என் டெலிபோனுக்கும் அம்மாவின் பெட்டிக்கும் ஒரே கதவிலக்கம் என்றால் கடிதம் யாருக்குப் போகும்? இந்த விஷயத்தில் 1982இல் டேவிட் பிளம்மர் என்பவர் எழுதிவைத்த விதிதான் இன்னமும் நடப்பில் இருக்கிறது. "இந்த எண்காரர் யார்?" என்று தபால்காரர் தெருவில் நின்று கூவுவார். யார் "நான்" என்கிறார்களோ அவர் கையில் கடிதம். அத்தாட்சி ஒன்றும் கேட்பதில்லை. கடைசியாகக் குரல் கொடுத்தவனே வீட்டுக்காரன்! பெட்டியை அணைத்துப் போட்டால் அது, "நான் இருக்கிறேன்" என்று குரல் கொடுக்கும், பாட்டு வரும். அப்புறம் என் சட்டைப் பையிலிருந்து டெலிபோன் குரல் கொடுக்கும், பாட்டு நிற்கும். 2008இல் இதற்கொரு பரிகாரமும் எழுதினார்கள். எண்ணை எடுத்துக்கொள்ளுமுன் யாராவது அதை வைத்திருக்கிறார்களா என்று விசாரித்துவிட்டு எடு என்பதே அது. எல்லாச் சாதனங்களுக்கும் அந்த மரியாதை தெரிவதில்லை. என்னுடைய டெலிபோனுக்குத் தெரியவில்லை.

"அந்த எண்ணைப் பெட்டிக்கு யாரு போட்டதுங்க?" என்றான் பையன்.

நான்தான். வேறு யார்? பழைய ரூட்டர் காலத்தில் கரண்ட் போய் வந்தால் பெட்டி தாமதிக்கிறது என்று ஒரு நண்பர் சொன்ன கைவைத்தியம்: ரூட்டரிடம் எண் கேட்காமல், நாமே ஒன்றைப் பெட்டியில் எழுதிவிடுவது. பழைய ரூட்டர் 100க்கு மேல்தான் எண் வழங்கிக்கொண்டிருந்தது. 20 யாருக்கும் போகாது. புது மெஷ் 2லிருந்தே வழங்க ஆரம்பித்தது. பெட்டி அதனிடம் வந்து கேட்டதே இல்லை. ஆகவே 20 காலி மனை என்று நினைத்து என் டெலிபோனுக்குப் பட்டா கொடுத்துவிட்டது. கொடுத்ததை ஞாபகமும் வைத்துக்கொண்டு, நான் வரும்போதெல்லாம் அதே எண்ணையே தந்தது. நான் பீரோவை நகர்த்தினேன், காளையை மாற்றிக் கட்டினேன், பெற்றவளைக் கடிந்துகொண்டேன். கோளாறோ என் இடது மார்பில், கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது.

பையன் நான் எழுதிய எண்ணை அழித்தான். இனிமேல் ரூட்டரிடமே கேட்டு வாங்கிக்கொள்ளும்படி பெட்டியை மாற்றினான். இரண்டு நிமிஷ வேலை. காசு வேண்டாமென்றான். அம்மா விடவில்லை, அவன் கையில் இரண்டு கச்சாயத்தைத் திணித்து அனுப்பினாள்.

"நான் அன்றைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா" என்றேன்.

"என்னைக்கு?" என்றாள். அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும்.

மறுநாள் மாலை ரயில் ஊதியது. நான் இறங்கி நடந்தேன். தெருமுனைக்கு வரும்போதே சுந்தராம்பாள் குரல் கேட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு ஆசாரத்தைக் கடந்து அம்மாவின் அறை வாசலில் நின்றேன். டெலிபோன் பையில் இருந்தது. வட்டம் சுற்றவில்லை, பாட்டு ஏறிக்கொண்டே போயிற்று. அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"காபி அடுப்பு மேல இருக்குது, ஊத்திக் குடிச்சுக்க" என்றாள்.