ஒரு கிளைக்கதையின் விலை

கணினி விளையாட்டைப் பற்றி இலக்கிய வாசகர்களிடம் பேசத் தொடங்கினால் பாதிப்பேர் எழுந்து போய்விடுவார்கள் என்பதை அறிவோம். மீதிப் பேருக்காகவே இது. துப்பாக்கிச் சத்தமும் மதிப்பெண் பலகையும் நிறைந்த ஆட்டங்களைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. ஒரு பாத்திரமாக நாமே நடந்து, பேசி, முடிவெடுத்துக் கதையை நகர்த்திச் செல்லும் மாய உலக விளையாட்டுகள் சில உண்டு. அவற்றின் மூலக்கதை வெளிவந்து சில மாதங்கள் கழித்து, அதே உலகில் நடக்கும் வேறொரு கதையைத் தனி விலைக்கு விற்பார்கள். கதை விரிவாக்கம் என்று அதற்குப் பெயர். அதை வாங்கத்தான் வேண்டுமா என்பதே கேள்வி.

உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது ‘விட்சர் 3’ என்னும் போலந்து நாட்டு விளையாட்டையும், அதற்கு 2015 அக்டோபரில் வந்த ‘ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன்’ என்ற விரிவாக்கத்தையும். கல் நெஞ்சங்கள் என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். வார்சாவைச் சேர்ந்த சிடி புரொஜெக்ட் ரெட் நிறுவனம் அதற்கு வைத்த விலை பத்து டாலருக்கு ஒரு சென்ட் குறைவு. சுமார் பத்து மணி நேரக் கதை என்று அறிவித்தார்கள். ஆக, மணிக்கு ஒரு டாலர். வாங்குமுன் நாங்களும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தோம். நடுத்தரக் குடும்பத்தின் கை அப்படித்தான் பழகியிருக்கிறது. ஆனால் ஒரு நாவலை யாரும் பக்கத்துக்கு இத்தனை காசு என்று எடை போட்டு வாங்குவதில்லை. அப்படி வாங்கினால் நம் வீட்டு அலமாரிகளில் தொலைபேசி விவரத் திரட்டுகள்தாம் இருக்கும்.

விரிவாக்கங்களின் மீது வாசக மனத்துக்கு வரவேண்டிய சந்தேகம் வேறு. இந்தக் கதை மூலத்திலிருந்து வெட்டி எடுக்கப்பட்டதா, அல்லது தானாகக் கிளைத்ததா? இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. 2006இல் ‘ஆப்லிவியன்’ விளையாட்டுக்குக் குதிரைக் கவசம் ஒன்றை இரண்டரை டாலருக்கு விற்றார்கள். கவசத்தோடு கதை ஏதும் இல்லை. அது அந்நாளில் நகைப்புக்கு உள்ளானதில் வியப்பில்லை. அதைக் கூட மன்னித்துவிடலாம் என்பது எங்கள் கட்சி. வாங்காதவனுக்கு அங்கே நட்டம் ஒன்றும் இல்லையே! ‘டிராகன் ஏஜ்: இன்க்விசிஷன்’ செய்ததே வலித்தது. 2014இல் வந்த அந்தப் பெரிய விளையாட்டு ஒரு துரோகத்தைச் சுட்டிக்காட்டிவிட்டு முடிகிறது. அந்தத் துரோகியை எதிர்கொள்ளும் உண்மையான இறுதிக் காட்சி, 2015 செப்டம்பரில் ‘டிரெஸ்பாஸர்’ என்ற தனி விற்பனைப் பொருளாக வந்தது. அது நன்றாகவே எழுதப்பட்டிருந்தது. அதனால்தான் கோபம் கூடுதலாக வந்தது. கடைசி அத்தியாயத்தைக் கிழித்துத் தனி உறையில் போட்டு விற்கும் பதிப்பாளரை நாம் என்ன சொல்வோம்?

கிளைக்கதை நமக்குப் புதிதல்ல. வனவாசத்தில் சோர்ந்திருக்கும் தருமனுக்குப் பிருகதசுவ முனிவர் நளன் கதையைச் சொல்கிறார். அதை நீக்கினாலும் பாரதம் நடக்கும். பாரதத்தை நீக்கினாலும் நளன் கதை நிற்கும். நின்றது என்பதற்குப் புகழேந்தியின் நளவெண்பாவே சான்று. இந்த இரட்டைச் சோதனையைத்தான் எந்த விரிவாக்கத்துக்கும் வைக்கலாம் என்று தோன்றுகிறது. கல் நெஞ்சங்கள் இரண்டிலும் தேறுகிறது. மூல விளையாட்டில் கெரால்ட் என்னும் வேட்டைக்காரன் தன் வளர்ப்பு மகளைத் தேடி அலைகிறான். தேடல் அங்கேயே தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. விரிவாக்கத்தில் அந்த மகளுக்கு வேலையே இல்லை. மூலத்தை ஆடி முடிக்காதவர்கள்கூட, தயார்நிலையில் உள்ள கெரால்டோடு இதை மட்டும் தனியே தொடங்க முகப்பிலேயே வழி வைத்திருக்கிறார்கள்.

இனிக் கதையின் திருப்பங்கள் வரும். தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் இங்கேயே வாங்கிவிட்டுப் பிறகு திரும்பி வரலாம்.

கெரால்டைப் படைத்தவர் ஆந்திரேய் சப்கோவ்ஸ்கி. 1986இல் ‘ஃபண்டாஸ்டிகா’ இதழில் வெளிவந்த ஒரு சிறுகதையில்தான் அவன் பிறந்தான். தொடர்ந்து வந்த சிறுகதைகளில் அவர் செய்தது ஒரு வேடிக்கை: பாட்டிக் கதைகளை எடுத்து உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிப் போடுவார். ஒன்றில் அழகியும் மிருகமும், இன்னொன்றில் பனிவெள்ளைப் பெண். கெரால்ட் கூலிக்கு வந்தவனாக அவற்றுக்குள் நுழைந்து, யார் உண்மையில் அரக்கர் என்று தெரியாமல் விழிப்பான். நாவல்கள் பின்னால் வந்தவை. போர், அரசியல், தீர்க்கதரிசனம் என்று அவை விரிந்தன. எங்களுக்குச் சிறுகதைகளே பிடிக்கும். மூல விளையாட்டு நாவல்களின் வாரிசு. விரிவாக்கமோ சிறுகதைகளின் வாரிசு. நாங்கள் செலவழித்த பத்து டாலரும் இதற்கே தகும்.

இங்கே திருப்பிப் போடப்படுவது போலந்தின் சொந்தக் கதை. ட்வார்டோவ்ஸ்கி என்னும் கிராக்கோவ் நகரத்துக் கனவான் சாத்தானோடு ஒப்பந்தம் செய்துகொள்கிறான். ரோமில் வைத்து மட்டுமே தன் உயிரை எடுக்கலாம் என்பது நிபந்தனை. ரோமுக்குப் போகாமல் காலம் தள்ளியவனை, ‘ரோம்’ என்று பெயர் வைத்த ஒரு சத்திரத்தில் சாத்தான் பிடித்துவிடுகிறான். தூக்கிச் செல்லும் வழியில் தப்பியவன் நிலவில் தங்கிப்போனான் என்பார்கள். 1822இல் ஆடம் மிக்கியெவிச் இதைக் கதைப்பாடலாக எழுதினார். அதில் ட்வார்டோவ்ஸ்கி சாத்தானுக்கு மூன்று வேலைகள் தருகிறான். முதலாவது, சத்திரத்தின் பெயர்ப் பலகையில் வரைந்த குதிரைக்கு உயிர் கொடுப்பது. மூன்றாவது, தன் மனைவியோடு ஓராண்டு குடும்பம் நடத்துவது. சாத்தான் அங்கே ஓடிவிடுகிறான்.

விளையாட்டின் எழுத்தாளர்கள் இந்தச் சரக்கை எப்படிக் கையாண்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஓல்கெர்ட் என்ற பிரபு, செல்வம் இழந்த நாளில், காதலித்த ஐரிஸை வேறொருவனுக்குத் தர அவள் பெற்றோர் துணிந்தபோது, காண்டர் ஓடிம் என்னும் கண்ணாடி வியாபாரியோடு ஒப்பந்தம் செய்கிறான். விலையாகத் தம்பி விளோதிமிரின் உயிர் போகிறது. ஓல்கெர்டுக்குச் சாவு இல்லை. நெஞ்சு மட்டும் மெல்லக் கல்லாகிறது. மூன்று விருப்பங்கள் நிறைவேறி, இருவரும் நிலவின் மேல் நிற்கும்போது மட்டுமே அவன் உயிர் ஓடிமுக்கு. அந்த மூன்றையும் முடிக்கும் வேலை கடன்பட்ட கெரால்டின் தலையில் விழுகிறது. நிலவு எப்படி வந்தது என்பதை மட்டும் சொல்லாமல் விடுகிறோம். சத்திரத்தின் பெயர்ப் பலகையை நினைவில் வைத்திருப்பவர் ஊகித்துவிடுவார்.

ஓடிமைப் பற்றி ஒரு வார்த்தை. மூல விளையாட்டின் தொடக்கத்திலேயே ஒரு மதுக்கடையில் இந்த மனிதன் கெரால்டுக்கு வழி சொல்லிவிட்டுப் போகிறான். மொட்டைத் தலை, அழுக்குச் சட்டை, இனிய பேச்சு. விரிவாக்கத்தில் அவன் மறுபடி வரும்போது அந்த முகம் சட்டென்று நினைவுக்கு வரும். வயிற்றில் ஏதோ புரளும். அவன் கத்துவதில்லை, மிரட்டுவதில்லை. பேச்சில் குறுக்கிட்ட ஒரு குடிகாரனைக் காலத்தை நிறுத்திவிட்டு மரக்கரண்டியால் கொல்கிறான். பிறகு பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடர்கிறான்.

முதல் விருப்பம்: என் தம்பிக்கு ஒரே ஓர் இரவு இன்பமாகக் கழிய வேண்டும். தம்பி செத்துப்போனவன். ஆகவே அவன் ஆவி கெரால்டின் உடலுக்குள் புகுந்துகொண்டு ஒரு கிராமத்துக் கல்யாணத்துக்குப் போகிறது. பன்றி துரத்துவதும், செருப்பைத் தேடுவதும், நடனமும் என்று இரண்டு மணி நேரம் சிரித்துக்கொண்டே ஆடினோம். அந்தக் கிராமத்தின் பெயர் ப்ரோனோவிட்ஸ். கிராக்கோவை ஒட்டிய ப்ரோனோவிட்சேயில் நடக்கும் ஒரு கல்யாணத்துக்கு இறந்தவர்கள் வந்து பேசுவதாக விஸ்பியான்ஸ்கி எழுதிய ‘கல்யாணம்’ நாடகம் 1901இல் மேடையேறியது. போலந்துப் பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் நாடகம் அது. தங்கள் இலக்கியத்தை அடிக்குறிப்பு போடாமல் விளையாட்டுக்குள் நடமாட விட்டிருக்கிறார்கள். தெரியாதவனுக்கும் கல்யாணம் கல்யாணமே.

இரண்டாவது விருப்பம் ஓர் ஏலக் கடையில் நடக்கும் கொள்ளை. சுவாரசியமானது, சினிமாவில் பலமுறை பார்த்ததும்கூட. தாண்டிப் போகலாம்.

மூன்றாவதுக்காகவே இதை எழுதினோம் என்று சொல்லலாம். ஐரிஸிடம் கடைசியாகக் கொடுத்த ரோஜாவைக் கொண்டுவா என்கிறான் ஓல்கெர்ட். ‘ஒரு கல்யாணத்தின் காட்சிகள்’ என்று, பெர்க்மனின் 1973ஆம் ஆண்டுத் தொடரின் தலைப்பையே இந்தப் படலத்துக்கு வைத்திருக்கிறார்கள். பாழடைந்த மாளிகையில், படுக்கையில், எலும்பாக ஐரிஸ் கிடக்கிறாள். அவள் ஓவியம் வரைந்தவள். அவளது ஓவியம் ஒன்றுக்குள் கெரால்ட் நுழைய வேண்டும். உள்ளே விளிம்புகளில் எல்லாம் தூரிகைத் தடம். மரங்கள் பாதியில் கரைகின்றன. ஒவ்வொரு காட்சியிலும் ஏதோ ஒரு பொருள் குறைகிறது. அதைத் தேடி எடுத்து உரிய இடத்தில் வைத்தால் ஒரு நினைவு உயிர் பெறுகிறது: காதல், கல்யாணம், பிறகு அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு புத்தகங்களில் புதையும் கணவன், வெளியே காத்திருக்கும் மனைவி. அடி இல்லை, வசவு இல்லை. ஒரு மனிதனுக்கு அன்பு செலுத்த முடியாமற் போகிறது, அவ்வளவுதான். அவளைக் கவனிக்க ஆள் வைத்துவிட்டுத் தான் விலகிக்கொள்கிறான்.

எங்கள் வீட்டில் விளையாட்டு இருவர் சேர்ந்து வாசிக்கும் வாசிப்பு. ஒருவர் கையில் கண்ட்ரோலர் இருக்கும். மற்றவர் கீழே ஓடும் வசனங்களைப் படித்து, வழி சொல்லி, அவனை நம்பவேண்டாம் என்று தடுப்பார். பிள்ளைகள் தூங்கியபின் கிடைக்கும் ஒன்றரை மணி நேரம். எங்களில் ஒருவர் கல்யாணத்துக்கு முன்பு நீர்வண்ணத்தில் படம் வரைந்துகொண்டிருந்தவர். அந்தத் தாள்கள் பரணில் ஒரு பெட்டியில் இருக்கின்றன. யாரும் தடுக்கவில்லை, எப்போது நின்றது என்று இருவருக்கும் சொல்லத் தெரியாது.

படலத்தின் முடிவில் ஐரிஸ் ஒரு தேர்வை முன்வைக்கிறாள். ரோஜாவை எடுத்துக்கொண்டால் அந்த ஓவிய உலகம் அழியும். அவளும் இல்லாமற் போவாள். அவளிடமே விட்டால் அந்த உலகிலேயே, அந்த நினைவுகளோடு, இருந்துகொண்டிருப்பாள். கண்ட்ரோலர் வைத்திருந்தவருக்கு ஐயமே இல்லை: இந்தத் துயரத்திலிருந்து அவளை விடுவிப்பதுதானே கருணை? பக்கத்திலிருந்து குரல் வந்தது.

“விட்டுடுங்க. அவகிட்ட மிஞ்சினது அது ஒண்ணுதான். அவ வரஞ்சது.”

“கஷ்டமான ஞாபகமா இருக்கே?”

“இருக்கட்டும். அவளோடதுதானே.”

விளையாட்டு அவசரப்படுத்தவில்லை. ஐரிஸ் திரையில் காத்துக்கொண்டே இருந்தாள். ரோஜா அவளிடமே இருந்துவிட்டது. அதன்பின் அன்றிரவு ஆடவில்லை; பெட்டியைப் பற்றியும், சாத்திய கதவுகளைப் பற்றியும் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். என்ன பேசினோம் என்பது வாசகர்களுக்கு வேண்டாத விஷயம். மணிக்கு ஒரு டாலர் என்ற கணக்கில் அந்தப் பேச்சை எந்தப் பத்தியில் எழுதுவது என்று மட்டும் தெரியவில்லை.

நிற்க. குறைகளும் உண்டு. சாக்கடைக்குள் வரும் தேரைச் சண்டையும், மாளிகைத் தோட்டத்தில் மண்வெட்டியோடு திரியும் முகமற்ற காவலாளியும் கதை கேட்க வந்தவரைச் சோதிப்பார்கள். நாங்கள் கடினத்தை வெட்கமில்லாமல் குறைத்துக்கொண்டோம். வாளில் மந்திர எழுத்துப் பொறிக்கும் ஒரு வணிகன் மொத்தம் 30,000 நாணயம் கேட்கிறான். அவனை நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. புதிய நிலப்பரப்பு என்று பெரிதாக இல்லை; பழைய வரைபடத்தின் ஓரத்தில்தான் பெரும்பகுதி நடக்கிறது. ஊர் சுற்றிப் பார்க்க விரும்புபவர்களுக்கு 2016 மே மாதம் வந்த ‘பிளட் அண்ட் வைன்’ இருக்கிறது. திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த ஒரு புதிய நாடே அதில் உண்டு. விலையும் இரு மடங்கு, நேரமும் இரு மடங்கு. அவ்வாண்டின் சிறந்த பாத்திரமேற்பு விளையாட்டு என்ற ‘கேம் அவார்ட்ஸ்’ விருதை, விரிவாக்கமாக இருந்தும் அதுவே பெற்றது. நல்ல விருந்துதான். எங்களுக்கு அது சற்று நீண்ட விருந்து.

இன்று இரண்டையும் மூலத்தோடு சேர்த்த முழுத் தொகுப்பே கிடைக்கிறது, தள்ளுபடி நாட்களில் மிக மலிவாக. ஆகவே விட்சரைப் பொறுத்தவரை பணம் என்பது பெரிய கேள்வியாக இல்லை. ஆனால் 2024 ஜூனில் ‘எல்டன் ரிங்’ விளையாட்டின் விரிவாக்கம் நாற்பது டாலருக்கு வந்தது. மூலத்தின் விலையோ அறுபது. அதற்குள் நுழையவே மூலத்தில் இரண்டு பெரும் எதிரிகளை வென்றிருக்க வேண்டும். கைத்திறன் உள்ளவர்களுக்கு அது சொர்க்கம் என்கிறார்கள். எங்கள் வீட்டில் அதைப் பற்றிய விவாதம் இன்னும் முடியவில்லை. நாற்பது டாலருக்கு எத்தனை நீர்வண்ணக் குப்பிகள் வரும் என்று ஒருவர் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.