பழைய இரும்புக்கு ஒரு வரி

பழைய இரும்பு என்றாலே நமக்கு ஞாபகம் வருவது பேரீச்சம்பழம்தான். பி.காம். படித்த பாவத்துக்கு எனக்குக் கூடுதலாக ஒன்று ஞாபகம் வரும். தேய்மானம்! வருஷத்துக்கு இத்தனை சதவீதம் என்று கழித்துக்கொண்டே போனால், ஒருநாள் அந்தச் சாமானின் மதிப்பு கணக்குப் புத்தகத்தில் ஒரு ரூபாய்க்கு வந்து நிற்கும். அப்புறம் ஸ்கிராப்.

இந்தக் கணக்கு தலைகீழாகப் போகிற இடம் மியூசியம். அங்கே துருப்பிடித்த கத்திக்கு வயசாக ஆக மவுசு கூடும். ஒரே ஒரு கண்டிஷன். ரெஜிஸ்டரில் அதற்கென்று ஒரு வரி இருக்க வேண்டும்.

அந்த வரி இல்லாவிட்டால் என்ன ஆகும்? தஞ்சாவூர் மராட்டிய மன்னர்களின் ஆயுத சாலையைக் கேளுங்கள். 1855ல் கடைசி ராஜா இறந்தார். ராஜ்யம் கம்பெனிக்குப் போயிற்று. 1860களில் ஆயுதங்கள் சென்னைக்கு வந்து சேர்ந்தன. மியூசியத்துக்கு என்று கொஞ்சம் பொறுக்கி எடுத்து வைத்தார்கள். மற்றதில் பெரும்பகுதியை உடைத்துப் பழைய இரும்பாக்கி விட்டார்கள். பேரீச்சம்பழமாவது கிடைத்ததா, தெரியாது!

தப்பித்தவற்றில் கட்டாரி என்று ஒரு ரகம். முஷ்டியை மடக்கிப் பிடித்துக் குத்துகிற ஆயுதம். கைப்பிடி முழுக்க நம்மூர் வேலைப்பாடு. ஆனால் சிலவற்றில் அலகு மட்டும் ஐரோப்பாவில் அடித்த வாளிலிருந்து வெட்டி எடுத்தது. ‘செய்த ஊர்’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? நம்ம ஆபீஸாக இருந்தால் ‘மேற்படி’ என்று போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருப்போம். ஒழுங்கான பட்டியல்காரர் அலகு வேறு, பிடி வேறு என்று தனித்தனியாக எழுதுவார்.

எழுதுவதற்கு நிறைய இருக்கிறது. எண், நீளம், அகலம், எடை, எங்கே கிடைத்தது, எப்படிக் கிடைத்தது, இப்போது என்ன நிலை. எண்ணை நேராக இரும்பின் மேல் கிறுக்கக் கூடாது. முதலில் நிறமில்லாத வார்னிஷ் மாதிரி ஒரு பூச்சு, அதன் மேல் எறும்பு சைஸில் எண். ‘நிலை’ என்ற கட்டம் ஆஸ்பத்திரி கேஸ்-ஷீட் மாதிரி. மண்ணுக்குள் கிடந்தபோது இரும்புக்குள் ஏறிய உப்பு, வெளியே வந்ததும் காற்று ஈரத்தோடு கூட்டணி வைத்துக்கொள்ளும். மேலே பார்த்தால் சாதுவாக இருக்கும். உள்ளே விரிசல் விட்டு, ஒருநாள் அப்பளம் மாதிரி உதிரும். போன தடவை எப்படி இருந்தது என்று எழுதி வைத்தால்தான் நோய் முற்றுவது தெரியும்.

ஆதிச்சநல்லூரில் 1899 முதல் 1905 வரை தோண்டிய அலெக்ஸாண்டர் ரீ, கிடைத்த சாமான்களுக்கு எண் போட்டு 1915ல் பட்டியலாக வெளியிட்டார். வாள், ஈட்டி, கத்தி என்று எண்ணியதோடு அவர் நிறுத்தவில்லை. தாழிகளோடு இருந்த இரும்பு ஆயுதங்களின் முனை கீழ்நோக்கி இருந்தது, துக்கத்துக்கு வந்தவர்கள் மண்ணில் குத்தி வைத்த மாதிரி இருந்தது என்றும் எழுதினார். அந்த ஈட்டியைக் கண்ணாடிப் பெட்டியில் ஆயிரம் தடவை பார்த்தாலும் இது நமக்குத் தெரியப் போவதில்லை. யாரோ அழுதுகொண்டே குத்தியது ஸார் அது!

2025 ஜனவரியில் தமிழக தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கையில், சிவகளையில் கிடைத்த இரும்புக்கு கி.மு. 3345 வரை காலம் சொன்னார்கள். இரும்போடு அதே குழியில் இருந்த கரியையும் பானையையும் சோதித்துச் சொன்ன காலம். எந்தக் குழி, எந்தத் தாழி என்ற குறிப்பு தொலைந்திருந்தால், அதுவும் துருப்பிடித்த ஒரு துண்டு. அவ்வளவுதான்.

எங்கள் தாத்தா காலமானதும், ஊர் வீட்டை விற்பதற்கு முன்னால் பரணை ஒழித்தோம். இரும்பில் ஒரு சாமான் வந்தது. என்ன என்று யாருக்கும் பிடிபடவில்லை. “வேல்கம்போட முனைடா. இதை வச்சுத்தான் அப்பா திருடனை விரட்டினாரு” என்றார் பெரியப்பா. “திருடனாவது! தொரட்டி அது. முருங்கைக்காய் பறிக்கிறது” என்றாள் அத்தை. இருவரும் சத்தியம் பண்ணத் தயார். தாத்தா வீரரா, முருங்கைக்காய்ப் பிரியரா என்பது அந்த இரும்பில் இருக்கிறது. சொல்ல வேண்டியவர் போய்விட்டார். வாசலில் எடைக்கு எடுக்கிறவர் தராசோடு நின்றார்.

கொடுக்கவில்லை. ஒரு நோட்டு வாங்கி எழுதினேன்.

எண்: 1. பொருள்: இரும்பு, ஒரு பக்கம் லேசான வளைவு, மறுபக்கம் கழி செருகும் குழல். நீளம்: 11 அங்குலம். கிடைத்த இடம்: தாத்தா வீட்டுப் பரண், கிழக்கு மூலை. நிலை: துரு, நுனி உடைந்தது. பெரியப்பா சொல்வது: வேல்கம்பு. அத்தை சொல்வது: தொரட்டி.

இதில் ஒரு சிக்கல். பெரியப்பா சொன்னதை எதற்கு முதலில் எழுதினாய் என்று அத்தை இன்னும் என்னோடு பேசுவதில்லை!