அலுமாரியில் நாலு நாள் கிடந்த போன்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரமிருக்கிறவர்கள் வாசியுங்கள்.

போன கிழமை மழைக்குள் சந்தியில் நின்றபோது ஒரு ஆட்டோ தானாக வந்து நின்றது. ஏறிப் பார்த்தால் பழைய மாணவன் ஒருவனின் வாப்பா. முன் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. பெற்றோல் தட்டுப்பாட்டு நேரம் எல்லோரும் காட்டித்தானே எண்ணெய் அடித்தோம், அந்த கியூஆர் கோட். அந்த முறை 2023 செப்டெம்பரில் நிறுத்தப்பட்டது. அவர் இன்னும் கழற்றவில்லை. லெமினேட்டின் ஓரம் மஞ்சளாகிப் போயிருந்தது.

அதை அச்சடித்து லெமினேட் பண்ணிக் கொடுத்தவன் நான். ஏன் கொடுக்க வேண்டி வந்தது என்பது எனக்குப் பெருமையான கதை இல்லை. அதனால்தான் இவ்வளவு நாளும் எழுதவில்லை.

2022 ஆகஸ்ட். பாடசாலை ஒழுங்காக நடக்கத் தொடங்கியிருந்த நேரம். கரண்ட் வெட்டும் இருந்தது, எண்ணெய்க்கு லைனும் இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை ஒன்பதாம் ஆண்டு வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறேன், பின் வாங்கிலிருந்து போன் சத்தம். போய்ப் புத்தகப் பையைத் திறந்தால் திரை ஒரு பக்கம் வெடித்த ஸ்மார்ட் போன் ஒன்று.

பாடசாலைக்குப் போன் கொண்டுவரக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்த சட்டம். நான் ஒன்றும் கேட்கவில்லை. வாங்கினேன், அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். "வாப்பாவக் கூட்டிட்டு வா, அப்பதான் தருவன்" என்றேன். அதோடு நிற்காமல் வகுப்புக்குப் பத்து நிமிடம் பயானும் செய்தேன். போனால் பிள்ளைகள் கெட்டுப்போவது, கேம், டிக்டொக், எல்லாம் அதில் வந்தது. பையன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். ஒரு சொல் பேசவில்லை. திமிர் என்று நினைத்தேன்.

புதன் வாப்பா வரவில்லை. வியாழனும் வரவில்லை. எனக்குக் கோபம்தான் கூடியது. பிள்ளையின் விஷயத்தில் இவ்வளவு அக்கறையில்லாத தகப்பனா என்று ஆசிரியர் அறையில் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை மஃரிபுக்குப் பிறகு அந்தப் பையனின் உம்மா என் வீட்டுக் கேற்றுக்கு வந்தார். கையில் ஒரு சின்னப் பிள்ளை. கரண்ட் இல்லை. என் மனைவி மெழுகுதிரியோடு போய், "உள்ளுக்கு வாங்க ராத்தா" என்று கூட்டிவந்து பிளேன்டி ஊற்றினா. அவர் அதைத் தொடவில்லை.

"சேர், நீங்க மகனுக்கு என்ன தண்டனயெண்டாலும் குடுங்க. அந்தப் போன மட்டும் தாங்க சேர்."

நான் சட்டத்தைச் சொல்லத் தொடங்கினேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "நீங்க வாங்கச் சொன்ன போன்தான் சேர் அது. கொரோனா நேரம் என்ட காப்ப அடகு வெச்சி வாங்கின."

எனக்கு வாய் அடைத்துவிட்டது. 2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடிய பிறகு எங்கள் வகுப்புக்கு வட்ஸ்அப் குழு தொடங்கியவன் நான். "போன் இல்லாத பிள்ளைகள் எப்படியாவது ஒன்றை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள், பாடம் எல்லாம் இதில்தான் வரும்" என்று குரல் பதிவு அனுப்பியவனும் நான்தான். எத்தனை வீட்டில் எதை அடகு வைத்தார்கள் என்று நான் ஒருநாளும் விசாரித்ததில்லை.

பிறகு மற்றக் கதையும் வந்தது. வீட்டில் இருப்பது அந்த ஒரு போன்தான். வாப்பாவின் ஆட்டோவுக்கு உரிய கியூஆர் கோட் அதற்குள். அன்றைக்கு ஷெட்டுக்கு எண்ணெய் வருகிறது என்று கேள்விப்பட்டு, வாப்பா விடியலிலேயே ஆட்டோவை லைனில் விட்டிருக்கிறார். பாடசாலை விட்டதும் மகன் நேரே ஷெட்டுக்குப் போக வேண்டும், ஏனென்றால் போனில் அந்தப் படத்தைத் தேடி எடுக்கத் தெரிந்தவன் அவன் மட்டும்தான். மகன் வெறுங்கையோடு போனான். வாப்பாவின் முறை வந்தது, போனது. ஆட்டோவுக்கு அப்போது வாரத்துக்கு 5 லீற்றர்தான். எடுக்காவிட்டால் அடுத்த வாரத்துக்குச் சேராது. புதிதாகக் கோட் எடுக்கலாம் என்று ஷெட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதற்கு வரும் ஓடிபி எந்த நம்பருக்கு? அலுமாரிக்குள் கிடந்த நம்பருக்குத்தான்.

வாப்பா பாடசாலைக்கு வராததற்குக் காரணம், அந்த மூன்று நாளும் ஒரு கட்டட வேலைக்குக் கல் சுமக்கப் போனது.

இதை எல்லாம் விட அவர் வந்த காரணம் வேறு. மூத்த மகள் சவூதியில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். வெள்ளிக்கிழமையில் மட்டும்தான் இமோவில் பேச விடுவார்கள். "இண்டைக்கி எடுத்திரிப்பாள் சேர். நாங்க எடுக்காட்டி பயந்திருவாள்."

வாட்சரிடம் திறப்பு வாங்கி, என் போனின் டோர்ச் வெளிச்சத்தில் போய் அலுமாரியைத் திறந்தேன். போன் சார்ஜ் இறங்கிச் செத்துக் கிடந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து பவர் பேங்கில் போட்டோம். ஐந்து நிமிடத்தில் உயிர் வந்தது. என் வைபை டொங்கிளில் இணைத்தவுடன் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தது. தவறிய அழைப்பு பதினொன்று. ஒரு குரல் பதிவு.

"உம்மா, ஏன் எடுக்கிறீங்க இல்ல? போன வித்துட்டீங்களா? சாப்பாட்டுக்குக் கஷ்டமா? உண்மையச் சொல்லுங்க உம்மா."

திருப்பி எடுத்தால் மணி போகவேயில்லை. அங்கே அவளுடைய நேரம் முடிந்துவிட்டது.

மெழுகுதிரி வெளிச்சத்தில் நாங்கள் நாலு பேரும் அந்தப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பையன் வாசலில் நின்றான். "ஏன் என்னிடம் சொல்லவில்லை?" என்று கேட்டேன். "நீங்க கேக்கல்ல சேர்" என்றான்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. இந்த உம்மாவுக்கு அந்தப் போனில் பச்சைப் பொத்தானையும் சிவப்புப் பொத்தானையும் தவிர வேறு ஒன்றும் தெரியாது. வாப்பாவுக்கும் அப்படித்தான். போனுக்குள் இருக்கும் கோட்டைக் கடுதாசியில் அச்சடிக்கலாம், ஸ்கிரீன்ஷொட் எடுத்து இன்னொருவர் போனுக்கும் அனுப்பி வைக்கலாம், ஷெட்டில் அதைக் காட்டினாலும் போதும். இது அவர்களுக்குத் தெரியாது. போனுக்குள் இருப்பது போனுக்குள்ளேதான் இருக்கும் என்று நினைத்திருக்கிறார்கள். மகளுக்குக் குரல் பதிவு அனுப்பி வைக்கலாம், அவளுக்கு எப்போது நேரம் கிடைக்குமோ அப்போது கேட்பாள் என்பதும் தெரியாது. காப்பை அடகு வைத்து வாங்கச் சொன்ன நாங்கள், அதைப் பாவிக்கச் சொல்லிக் கொடுக்கவில்லை.

அன்றிரவே மைக் அடையாளத்தைக் காட்டி, "இதில விரல வெச்சிட்டுப் பேசுங்க, விட்டா போயிரும்" என்றேன். முதல் மூன்று தடவையும் விரலை எடுத்த பிறகுதான் பேசத் தொடங்கினார். நாலாவது தடவை சரி. என்ன பேசினார் என்பதை எழுதமாட்டேன். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

அடுத்த நாள் கோட்டை அச்சடித்து, லெமினேட் பண்ணி, வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாப்பா ஒரு குறையும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் அஸருக்குப் பின் எங்கள் வீட்டு விறாந்தையில் நானும் மனைவியுமாகப் பெற்றோருக்கு ஒரு மணித்தியாலம் போன் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினோம். பெரிய வகுப்பு எதுவும் இல்லை. ஆறேழு உம்மாமார், சில நேரம் ஒரு மூத்தப்பா. சொல்லிக் கொடுக்கப் போனவன் நான், படித்ததும் நான்தான்.

ஒரு மூத்தும்மா, கண் சரியில்லை, போன் பார்க்க ஏலாது என்று இரண்டு வருடமாக ஒதுக்கி வைத்திருந்தார். செட்டிங்ஸில் டிஸ்ப்ளேக்குப் போய் எழுத்தின் அளவைக் கூட்டிக் கொடுத்தோம், அவ்வளவுதான். பேரப்பிள்ளையின் பெயரைத் தானாகவே எழுத்துக்கூட்டி வாசித்தார். இன்னொருவர் சீனி வருத்தத்துக்குப் போடும் ஊசியை அடிக்கடி மறப்பவர். அலாரத்தில் "ஊசி" என்று பெயர் வைத்து இரண்டு நேரத்துக்குப் போட்டுக் கொடுத்தோம். கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தைப் படம் எடுத்து வைக்கவும் சொன்னோம். கொப்பியை வீட்டில் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவது எங்கள் ஊரில் புதினமா?

எழுதத் தெரியாதவர்களுக்குக் கீபோர்டில் இருக்கும் மைக். தமிழில் பேசினால் தமிழில் எழுதும். ஆனால் எங்கட ஊர்ப் பேச்சு அதற்குச் சரியாக விளங்காது. குத்பா ஓதுகிற மாதிரிப் பேசினால் அழகாக எழுதும். அன்றைக்கு எல்லோரும் குத்பாத் தமிழில் கறிக்குச் சாமான் எழுதிச் சிரித்தது இன்னும் நினைவிருக்கிறது.

கந்தோர்களிலிருந்து சிங்களத்தில் வரும் கடிதம் பெரிய தலையிடி. அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசிக்கத் தெரிந்தவரைத் தேடி ஊரைச் சுற்றுவார்கள். கூகுள் லென்ஸில் கெமராவைப் பிடித்தால் அச்செழுத்தை ஓரளவு தமிழாக்கிக் காட்டும். சொல்லுக்குச் சொல் நம்பக் கூடாது, கையெழுத்தென்றால் தடுமாறும். ஆனால் என்ன விஷயம், எத்தனையாம் திகதி வரச் சொல்கிறார்கள் என்பது விளங்கும்.

கிப்லா பார்க்கும் அப் பற்றி ஒரு சண்டையே வந்தது. ஒரே விறாந்தையில் மூன்று போன் மூன்று பக்கம் காட்டியது. விலை குறைந்த சில போன்களில் திசை பார்க்கும் சென்சர் கிடையாது, சிலவற்றில் உறையில் இருக்கும் காந்தம் குழப்பும். பள்ளிவாசல் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறதோ அதைப் பார்த்துத் தொழுங்கள் என்று மூத்தப்பா தீர்ப்புச் சொன்னார்.

ஓடிபி விஷயத்தை மட்டும் ஒவ்வொரு கிழமையும் திரும்பத் திரும்பச் சொன்னோம். பார்சல் வந்திருக்கிறது, பரிசு விழுந்திருக்கிறது, வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று யார் எடுத்தாலும் சரி, அந்த இலக்கத்தைக் கேட்டால் போனை வைத்துவிடுங்கள். உண்மையான வங்கி அதைக் கேட்காது. வந்தவர்களில் ஒரு தங்கை நாலு இலக்கம் சொல்லிவிட்டு, ஐந்தாவதில் பிள்ளை அழுததால் தப்பியவர். பிள்ளைக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

டெப் வாங்கிக் கொடுத்திருக்கும் பெற்றோர் கேட்பது ஒரே கேள்விதான்: எப்படிக் கட்டுப்படுத்துவது? டிஜிட்டல் வெல்பீயிங் என்று செட்டிங்ஸில் ஒரு இடம் இருக்கிறது. எந்த அப்பில் எத்தனை மணித்தியாலம் போனது என்று காட்டும், அளவும் வைக்கலாம். பிள்ளைகளின் டெப்பைத் திறக்க முன்னால் உங்கள் போனில் பாருங்கள். நான் ஒருநாள் எல்லோர் முன்னிலையிலும் என்னுடையதைத் திறந்து காட்டப் போய், பேஸ்புக் மட்டும் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் இருந்தது. மனைவி அதை இன்றுவரை மறக்கவில்லை.

வகுப்புக்குள் போன் வேண்டாம் என்பதில் நான் இப்போதும் மாறவில்லை. பாடம் நடக்கும்போது மணி அடித்தால் இன்றும் வாங்கி வைப்பேன். ஆனால் அலுமாரியைப் பூட்ட முன் பிள்ளையைத் தனியே கூப்பிட்டு, இது யாருடைய போன், இன்றைக்கு வீட்டில் யாருக்கு இது தேவை என்று கேட்கிறேன். பாடசாலை விடும்போது பெரும்பாலும் அது வீட்டுக்குப் போய்விடும். இதை வாசிக்கும் சக ஆசிரியர்கள் சிலருக்கு இது பிடிக்காது என்று தெரியும். பேசுவோம்.

போன கிழமை ஆட்டோவிலிருந்து இறங்கும்போது அவர் சொன்னார்: "மூத்த மகள் வந்துட்டாள் சேர், போன மாசம்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றேன்.

"உம்மா அனுப்பின வொய்ஸ் எல்லாம் போனுக்குள்ளயே வெச்சிரிக்காள். ஒண்டும் அழிக்க விடுறாள் இல்ல. அங்க இரவில படுக்கக்குள்ள அதத்தான் கேப்பாளாம். இப்ப போன் நிறைஞ்சி, ஒண்டும் வேல செய்யுதில்ல. அழிக்காம அதுகள வேற எங்கயாவது எடுத்து வெக்க ஏலுமா எண்டு உங்களக் கேக்கச் சொன்னாள்."

ஏலும் என்றேன். சனிக்கிழமை அஸருக்குப் பிறகு போகிறேன்.