ஐந்தடிக் குழி

அரியலூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் பள்ளி. ஒன்பதாம் வகுப்பு. கடைசிப் பெஞ்சை ஒட்டி எனக்கொரு நாற்காலி போட்டிருந்தார்கள். சன்னல் கம்பியில் விரல் வைத்தால் வெள்ளையாக ஒட்டுகிறது. சுண்ணாம்புக்கல் லாரிகள் விட்டுப்போன புழுதி.

டீச்சர் கையில் லூயிஸ் சாக்கர் 1998இல் எழுதிய ‘ஹோல்ஸ்’ நாவல். ஆங்கிலப் புத்தகம் என்பதால் வாசிக்காமல் கதையாகச் சொல்கிறார். மேம்பாலத்துக்குக் கீழே நடந்துபோன பையன் தலையில் ஒரு ஜோடி ஷூ விழுகிறது. யாரோ திருடியது, பழி இவன்மேல். டெக்சாஸில் வற்றிப்போன ஓர் ஏரியில் இருக்கும் தண்டனை முகாமுக்கு அனுப்பிவிடுகிறார்கள். தினம் ஒரு குழி வெட்ட வேண்டும். ஐந்தடி ஆழம், ஐந்தடி அகலம். 18 மாதம்.

“ஷூவுக்காகவா டீச்சர்?”

“ஷூவுக்காகத்தான்.”

“எங்கப்பா ஜேசிபில அரை மணியில நாலு குழி எடுத்துருவாரு.”

வகுப்பே சிரித்தது. சிமெண்ட் ஆலைகளுக்காகத் தோண்டிய பள்ளங்களுக்கு நடுவே வளர்கிற பிள்ளைகள்.

தோண்டும்போது மீன் பதிந்த கல் ஒன்று அவனுக்குக் கிடைக்கிறது. ஆசையாகக் காட்டுகிறான். அங்கே அதை யாரும் சட்டை செய்யவில்லை. இதைச் சொன்னதும் சிரிப்பு அடங்கியது. வாரணவாசி அருங்காட்சியகத்தில் நத்தைபோல் சுருண்ட அம்மோனைட்டையும், பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் கல்மரத்தையும் பார்த்தவர்கள் இவர்கள். இந்த மண்ணும் ஒரு காலத்தில் கடல்தானே.

“நம்மூரா இருந்தா மியூசியத்துல வெச்சிருப்பாங்க” என்றாள் ஒருத்தி.

“நம்மூர்ல தப்பு பண்ணுன பசங்கள எங்க டீச்சர் கொண்டுபோவாங்க?”

“திருச்சி” என்று யாரோ முணுமுணுத்தார்கள். நாலைந்து தலைகள் ஒரே பக்கம் திரும்பின.

எந்தப் பக்கம் என்று எழுத மாட்டேன். வழக்கில் சிக்கிய பிள்ளைகளின் பெயர் மட்டுமல்ல, அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். அந்தப் பிள்ளைகளிடம் பழிக்கும் சொற்கள் கூடாது, பழையதை விட்டுப் புதிதாய்த் தொடங்க வழிவிட வேண்டும் என்றும் அதில் உண்டு. நல்ல சட்டம். திரும்பும் கழுத்துகளை அது என்ன செய்யும்?

டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. கதையை நிறுத்தாமலே நடந்துவந்து, திரும்பிய தலைகளுக்கும் அவை தேடிய முகத்துக்கும் நடுவே நின்றுகொண்டார். இப்போது யாருக்கும் அவர் முந்தானைதான் தெரிந்தது.

அந்த முகாமில் எழுதப் படிக்கத் தெரியாத பையன் ஒருவன். எல்லாரும் அவனை ‘ஸீரோ’ என்றுதான் கூப்பிடுவார்கள். நம் ஷூக்காரப் பையன் அவனுக்கு எழுத்துச் சொல்லித்தருகிறான். பதிலுக்கு அவன் இவனுடைய குழியில் ஒரு பங்கு வெட்டித்தருகிறான்.

“டீச்சர், அவனோட நெசப் பேரு என்ன?”

கேள்வி முந்தானைக்குப் பின்னாலிருந்து வந்தது.

“ஹெக்டர்.” போய்க் கரும்பலகையில் பெரிதாக எழுதிப்போட்டார்.

மணி அடித்துவிட்டது. கதை பாதியில் நின்றது. அடுத்த பீரியட் கணக்கு.